இடது கால் பிந்தி வந்தது

விரிசல் என்றுகூடச் சொல்ல முடியாது.
பென்சிலால் கோடிழுக்கத் தொடங்கிய யாரோ
பாதியில் மனம் மாறிப் போன மாதிரி.
வாஷிங்டன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.
(மோன்டெவிதேயோவில் தெருவுக்கொரு வாஷிங்டன் உண்டு.
என்னுடையவன் மூட்டும் எலும்பும் பார்க்கிறவன்.)
பன்னிரண்டு வாரம், என்றான்.
எட்டு, என்றேன்.
இதென்ன மீன் சந்தையா, என்றான்.

குளிர்பெட்டிக் கதவில் அட்டவணை அப்படியே இருந்தது.
செவ்வாய் பத்து கிலோமீட்டர், அதில் நான்கு வேகமாக.
சனி இருபத்தெட்டு.
ஞாயிறு என்ற கட்டத்தில் மட்டும் "ஓய்வு".
என் கையெழுத்துதான்.
எத்தனை ஞாயிறுகளில் அதை மதித்தேன் என்று
பால் எடுக்கும்போதெல்லாம் கேட்டது.

மருந்துக்கடையில் இரவுப் பணி எனக்கு.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம்
இரண்டு நாள் அசையாமல் கிடங்கள் என்று சொல்லிவிட்டு
அதே அலமாரியிலிருந்து மார்ச் முழுக்க
இரண்டிரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடியவள்.
காசைக் கல்லாவில் போட்டேன், அதில் குறையில்லை.
கணக்கு வேறெங்கோ ஏறியது.

ஸுல்மா ஓடிக்கொண்டே குரல்செய்தி அனுப்புவாள்.
பாதி சேதி, பாதி மூச்சிரைப்பு.
"காற்று... எதிர்க்காற்று... நீ வராததே... நல்லது..."
சேதியை விட்டுவிட்டு
மூச்சை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பேன்.
எந்த மேட்டில் இருக்கிறாள் என்று அதிலேயே தெரியும்.

நான்காவது வாரம்
கால் மாட்டிய பிளாஸ்டிக் பூட்ஸோடு ராம்ப்ளாவுக்குப் போனேன்.
ஆறா கடலா என்று இன்னும் முடிவெடுக்காத
பழுப்புத் தண்ணீர்.
கைப்பிடிச் சுவரில் அந்தத் தூண்டில்காரி.
ஆறு வருடமாக நான் கடந்துபோன முதுகு.
முதன்முறையாக அதற்கு ஒரு முகம் இருந்தது,
தெயொலிண்டா என்று ஒரு பெயர்,
கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை,
கன்னத்தில் தீப்பொறி பட்ட புள்ளிகள்.
மாத்தேக் குடுவையை நீட்டினாள்.

"ஐந்தே முக்கால் மணிக்காரி நீதானே?
மார்ச்சிலிருந்தே உன் இடது கால் பிந்தித்தான் வந்தது.
திரும்பிப் பார்க்க மாட்டேன், மீன் போய்விடும்.
ஆனால் கேட்கும்.
உன் ஓட்டமே அப்படி என்று நினைத்தேன்."

உறிஞ்சிய கசப்பு நாக்கிலேயே நின்றது.
மணிக்கட்டில் முந்நூறு டாலர்க் கடிகாரம்.
இதயத் துடிப்பு, தூக்கம், படியேறிய எண்ணிக்கை,
எல்லாம் சொல்லும்.
இதைச் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை. காதில் எப்போதும் பாட்டு.

பதினோராவது வாரம் பந்தயம் வந்தது.
முப்பத்தோராவது கிலோமீட்டரில்
பச்சை மேலங்கி போட்டு ஆரஞ்சுத் துண்டு நீட்டினேன்.
ஸுல்மா வந்தாள்.
இரண்டு துண்டு எடுத்தாள், என்னைப் பார்த்தாள்,
யாரென்று தெரியவில்லை அவளுக்கு.
அந்த முகத்தை நான் அறிவேன்,
உள்ளிருந்து மட்டும்.
வெளியிலிருந்து அது இவ்வளவு தனிமையாக இருக்கும் என்று
யாரும் சொன்னதில்லை.
பிசுபிசுத்த கையை நாள் முழுக்கக் கழுவவில்லை.

பதின்மூன்றாம் வாரம், திங்கள்.
ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஆறு தடவை.
ஆறு நிமிடத்துக்காகக் காலணிக் கயிற்றை
மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன்.
காதில் ஒன்றும் மாட்டவில்லை.
நாய்க்குட்டி ஒன்று என்னை முந்தியது.

தெயொலிண்டாவின் முதுகு தெரிந்ததும்
கொஞ்சம் அழுத்தியே மிதித்தேன்.
சொல்லட்டும், இவள் சொன்னால் போதும் என்று.
இன்றைக்குப் பார்த்து அவள் கோல் வில்லாய் வளைந்திருந்தது.
பெரிய கொர்வினா போலிருக்கிறது.
பற்களுக்கிடையில் வைதபடி சுழற்றிக்கொண்டிருந்தாள்,
உலகத்தில் வேறு சத்தமே இல்லாதவளாய்.

கடந்து போனேன்.
வலது. இடது.
வலது.
இடது.
பிந்துகிறதா?
இன்னொரு தடவை கேட்பதற்குள்
கடிகாரம் கூவியது:
நட.